விளையாட்டும் படிப்பும்: சமநிலையைக் காப்பது யார் பொறுப்பு?

(கல்லூரியின் நூற்றாண்டை முன்னிட்டுப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூறாவது ஆண்டில் பேச எழும்புகிறவர்கள் கல்லூரியின் பழம் பெருமைகளை எடுத்துச் சொல்வது வழக்கம். அதற்கு எம்மைவிட மூத்த அக்காமார் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எமக்குத் தரப்பட்ட தலைப்பு விளையாட்டும் படிப்பும். வைத்தியத் தொழிலில் இருப்பவர்களாகவும், ஒரு காலத்தில் இந்த மைதானத்தில் ஓடியவர்களாகவும் இதைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

எமது வீடுகளில் எல்லோருக்கும் பழக்கமான ஒரு வசனம் உண்டு. "சோதினை வருகுது பிள்ளை, இனி உந்த ஓட்டத்தை விடு." எமது அம்மாமார் இதைக் கேட்டார்கள், நாங்களும் கேட்டோம். இன்று எங்களில் சிலர் இதே வசனத்தைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். யாழ்ப்பாணத்திலும் சொல்கிறோம், ரொறன்ரோவிலும் சொல்கிறோம்.

அந்த வசனத்தின் விளைவை இல்ல மெய்வல்லுநர் போட்டியன்று கண்ணால் பார்க்கலாம். பன்னிரண்டு, பதினான்கு வயதுக்குட்பட்ட பிரிவுகளில் ஓடுவதற்கு அவ்வளவு பேர் நிற்பார்கள். தெரிவோட்டம் வைத்துக் கழிக்க வேண்டியிருக்கும். பதினெட்டு, இருபது வயதுக்குட்பட்ட பிரிவுகளுக்கு வரும்போது இல்லத் தலைவிகள் பெயர் கொடுக்க ஆள் தேடி வகுப்பு வகுப்பாக அலைவார்கள். அந்த வயதுப் பிள்ளைகள் அணிநடையில் கொடி பிடிக்கிறார்கள், இல்லம் சோடிக்கிறார்கள், புள்ளி எழுதுகிறார்கள். ஓடுவதில்லை.

எமது பெண்பிள்ளைகள் மைதானத்தை விட்டு மூன்று கட்டங்களில் வெளியேறுகிறார்கள். முதலாவது, சாமத்தியப்படும்போது. இரண்டாவது, சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது. மூன்றாவது, உயர்தரம் தொடங்கும்போது. இதில் முதலாவது கட்டத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பிள்ளை பெரியபிள்ளையானதும் முட்டையும் நல்லெண்ணெயும் உளுத்தங்களியும் கொடுக்கிறோம். இந்த வயதில்தான் இடுப்பும் எலும்பும் பலப்பட வேண்டும் என்று எமது பாட்டிமாருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு சரியானது. ஆனால் களியை ஊட்டிய அதே வீடு, "இனிப் பாய்ந்து விழுந்து விளையாடாதே" என்றும் சொல்லிவிடுகிறது. எலும்பைப் பலப்படுத்துவதில் உணவு ஒரு பாதி, பாய்வதும் ஓடுவதும் மறு பாதி என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

இரண்டாவது, மூன்றாவது கட்டங்களுக்குச் சொல்லப்படும் காரணம் நேரம். விளையாட்டை விட்டால் படிக்க நேரம் கிடைக்கும் என்கிறோம். இந்தக் காரணத்தை மரியாதையோடு எடுத்துப் பார்க்க வேண்டும். எமது சமூகத்துக்குப் பரீட்சை சும்மா வந்த ஆசையில்லை. காணியும் வீடும் கையை விட்டுப் போன காலங்களில் கையில் எஞ்சியது படிப்புத்தான். 1990 இற்குப் பின்னர் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது எங்களில் பலர் உடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போனது புத்தகங்களையும் கொப்பிகளையும்தான். ஆகவே "படி, படி" என்று சொல்லும் தாயைக் குறை சொல்ல எமக்கு வாய் வராது. அவருடைய பயம் உண்மையான பயம். அவருடைய கணக்கு மட்டும் சரியா என்று பார்ப்போம்.

ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலங்கள். உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு எட்டு மணித்தியாலம் நித்திரை என்றால் 56. பாடசாலை, நாளுக்கு ஆறு வீதம் ஐந்து நாள், 30. மூன்று பாடத்துக்கும் ரியூசன், பாடத்துக்கு ஆறு மணித்தியாலம் என்று தாராளமாகவே வைத்தால் 18. போக்குவரத்துக்கு 7. சாப்பாடு, குளிப்பு, வீட்டுவேலை, கோயில் எல்லாவற்றுக்கும் நாளுக்கு மூன்று வீதம் 21. மொத்தம் 132. மிச்சம் 36 மணித்தியாலங்கள். நாளுக்கு மூன்று மணித்தியாலம் தானாக இருந்து படித்தால் 21 போகும். இன்னும் 15 இருக்கிறது. கிழமையில் நான்கு நாள், நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம் பயிற்சி செய்தால் 6. அதற்குப் பிறகும் 9 மணித்தியாலம் மிச்சம்.

இந்தக் கணக்கு எல்லா வீட்டுக்கும் அப்படியே பொருந்தாது. தூரத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி வரும் பிள்ளைக்குப் போக்குவரத்து கூடும். தம்பி தங்கைகளைப் பார்க்க வேண்டிய பிள்ளைக்கு வீட்டுவேலை கூடும். ஆனாலும் ஒன்று தெளிவு. ஆறு மணித்தியாலப் பயிற்சி பதினெட்டு மணித்தியால ரியூசனின் மூன்றில் ஒரு பங்கு. ஒரே பாடத்துக்கு இரண்டு இடத்தில் வகுப்பு, அதற்கு மேலே மீட்டல் வகுப்பு, அதற்கு மேலே வினாத்தாள் வகுப்பு என்று போகும்போது யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. மைதானத்துக்குப் போகும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மட்டும் கணக்குக் கேட்கிறோம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2010 ஆம் ஆண்டில் ஒரு தொகுப்பு அறிக்கை வெளியிட்டது. பாடசாலைகளில் உடற்பயிற்சிக்கும் கல்விப் பெறுபேற்றுக்கும் என்ன தொடர்பு என்று பார்த்த 50 ஆய்வுகளை அவர்கள் ஒன்றாக வைத்து ஆராய்ந்தார்கள். அவற்றில் கண்ட தொடர்புகளில் பாதிக்குச் சற்று மேல் நன்மையானவை. 48 சதவீதத்தில் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. தீங்கு என்று சொல்லக்கூடியது 1.5 சதவீதம் மட்டும். இதை வைத்துக்கொண்டு, ஓடினால் புள்ளி கூடும் என்று நாம் வாக்குறுதி தர முடியாது. ஆனால் ஓடியதால் புள்ளி குறைந்தது என்று சொல்வதற்கு ஆதாரம் மிகக் குறைவு என்று உறுதியாகச் சொல்லலாம்.

நித்திரையைப் பற்றியும் ஒரு சொல். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையான பிள்ளைக்கு நாளுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் நித்திரை வேண்டும். பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பது நித்திரையில்தான். எமது வீடுகளில் நேரம் போதாமல் வரும்போது முதலில் வெட்டுவது விளையாட்டை, அடுத்து வெட்டுவது நித்திரையை. இரண்டையும் வெட்டிவிட்டு, விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பித் தேத்தண்ணியோடு மேசையில் இருக்கும் பிள்ளை, அதே பக்கத்தை மூன்று தரம் வாசிக்கும். மாலையில் உடல் களைத்த பிள்ளை இரவில் நன்றாக உறங்கும். அந்தப் பிள்ளைக்கு ஒரு தரம் வாசித்தால் போதும்.

இனி எமது தொழில் சார்ந்த விடயத்துக்கு வருவோம். வைத்தியசாலைகளில் நாம் பார்ப்பது விளையாட்டை விட்ட பிள்ளையின் அடுத்த முப்பது, நாற்பது வருடங்களை.

பெண்பிள்ளை ஒருவர் தன் வாழ்நாளில் சேர்க்கக்கூடிய எலும்புத் திணிவில் ஏறக்குறைய 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அது ஒரு நிரந்தர வைப்புப் போன்றது. அந்த வயதுக்குப் பிறகு போடக்கூடியது கொஞ்சம். மாதவிடாய் நின்ற பின் எடுத்துச் செலவழிப்பதுதான் பெரும்பாலும். எலும்பு வளர்வதற்குப் பாலும் மீனும் மட்டும் போதாது. உடலின் பாரம் எலும்பில் விழவேண்டும். ஓட்டம், பாய்ச்சல், வலைப்பந்தாட்டம், கரப்பந்தாட்டம், கயிறடித்தல் எல்லாம் அதைச் செய்கின்றன. பதினைந்து வயதில் பிள்ளையைக் கதிரையில் இருத்திவிட்டு, அறுபத்தைந்து வயதில் குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்தது ஏன் என்று கேட்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையானவர்களுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்றும், கிழமையில் மூன்று நாளாவது எலும்பையும் தசையையும் பலப்படுத்தும் வகையில் அது இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் அதில் விதிவிலக்குக் கொடுக்கவில்லை.

அடுத்தது குருதிச்சோகை. மாதவிடாய் தொடங்கிய பிள்ளைக்கு மாதாமாதம் இரும்புச்சத்து குறைகிறது. வளரும் வயது, விளையாட்டு என்று தேவையோ கூடுகிறது. ஈமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் அது குருதிச்சோகை. அப்படியான பிள்ளைக்குப் படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்கும், வகுப்பில் கண் சொருகும், மனம் ஒரு இடத்தில் நில்லாது. வீட்டில் என்ன சொல்கிறோம்? "விளையாடிக் களைச்சுத்தான் படிப்பு ஏறுதில்லை." பிள்ளை விளையாட்டை விடும். களைப்பு அப்படியே இருக்கும். ஏனென்றால் காரணம் குருதியில் இருக்கிறது. ஒரு சிறு குருதிப் பரிசோதனையில் தெரிந்து, சில மாதக் குளிசையில் மாறக்கூடிய விடயத்துக்காக ஒரு பிள்ளை தன் விளையாட்டையே இழந்துவிடுகிறது. பயறு, கௌப்பி, கீரை, முருங்கையிலை, நெத்தலி, ஈரல் எல்லாம் எமது சமையலில் உள்ளவை. சைவ உணவுக்காரர் கீரையோடு தேசிக்காய்ப் புளி விட்டுக்கொள்ளுங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு நெல்லிக்காயோ கொய்யாப்பழமோ சாப்பிடுங்கள், இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அது சேர்வது குறையும். தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள்.

விளையாட்டு எப்போதும் நன்மையே தரும் என்று சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. தேவைக்குக் குறைவாகச் சாப்பிட்டு, அளவுக்கு மிஞ்சிப் பயிற்சி செய்யும் பிள்ளைக்கு மாதவிடாய் நின்றுபோகலாம். மூன்று மாதம் வராவிட்டால், "விளையாட்டுக்காரிக்கு அப்படித்தான்" என்று விடாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அந்த நிலையில் எலும்பு சேர்வதற்குப் பதிலாக நலிகிறது. வலைப்பந்து போன்ற, பாய்ந்து திரும்பும் விளையாட்டுகளில் முழங்கால் தசைநார் அறுவது ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்குக் கூடுதலாக நேர்கிறது. பாய்ந்து நிலத்தில் இறங்கும்போது முழங்கால் உள்ளுக்குச் சாயாமல் இறங்கப் பழக்கினால், ஒழுங்காக உடலைச் சூடாக்கிக்கொண்டு தொடங்கினால், இந்தக் காயங்களைக் குறைக்கலாம். இதற்குக் காசு தேவையில்லை. பதினைந்து நிமிடமும் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஒருவரும் போதும்.

சரி, இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் இருக்கிறார்களா? தூரத்தில் தேட வேண்டாம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவனாக இருந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தார். அப்போது அவருக்கு 17 வயது. 1956 இல் மெல்பேர்ணிலும் பாய்ந்தார். 1958 இல் ரோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கப்பதக்கம் பெற்றார். இலங்கைக்கு அந்த விழாவில் கிடைத்த முதலாவது தங்கம் அது. அதே காலத்தில் அவர் லொஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு மாணவர். பின்னர் கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றுக் கல்விப் பணியில் ஈடுபட்டார்.

அவர் பாய்ந்த அதே ஹெல்சிங்கியில் 1500 மீற்றரில் நாலாவதாக வந்தவர் றோஜர் பனிஸ்ரர் என்ற ஆங்கிலேய மருத்துவ மாணவர். இரண்டு வருடம் கழித்து, 1954 மே 6 ஆம் திகதி, ஒரு மைலை 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடினார். நாலு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடியதாகப் பதிவான முதல் மனிதர் அவர். அன்று காலை இலண்டனில் வைத்தியசாலைக்குப் போய்விட்டு, புகையிரதம் ஏறி ஒக்ஸ்போட்டுக்கு வந்து மாலையில் ஓடினார். அவருடைய பயிற்சியின் பெரும்பகுதி மதிய இடைவேளையில் நடந்தது. பிற்காலத்தில் நரம்பியல் வைத்தியராக நீண்ட காலம் பணியாற்றினார்.

ஆண்களின் கதை மட்டும்தானா என்று தங்கைமார் கேட்கக்கூடும். அமெரிக்க நீச்சல் வீராங்கனை ஜெனி தொம்சன் ஒலிம்பிக்கில் 12 பதக்கங்கள் பெற்றவர். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த பிறகும் 2004 இல் ஏதென்சில் நீந்தினார். இன்று மயக்கமருந்து வைத்தியர். எமது ஊரிலிருந்து போன தர்ஜினி சிவலிங்கத்தை எல்லோருக்கும் தெரியும். இலங்கை வலைப்பந்தாட்ட அணி 2009 இலும் 2018 இலும் ஆசியக் கிண்ணத்தை வென்றபோது வளையத்தின் கீழே நின்றவர் அவர். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையை ஒரு தடவைக்கு மேல் புதுப்பித்தவர். யுத்தம் தின்ற மண்ணில், வசதி குறைந்த மைதானங்களிலிருந்து அவர்கள் வந்தார்கள்.

இந்தப் பெயர்களைச் சொல்வது பிள்ளைகளை வெருட்டுவதற்காக இல்லை. நீங்கள் எல்லோரும் ஒலிம்பிக்குப் போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பனிஸ்ரரின் கதையில் ஒரு விடயத்தைக் கவனிக்கும்படிதான் கேட்கிறோம். அந்த நாலு நிமிடத்தை அவர் தனியே ஓடவில்லை. கிறிஸ் பிறஷர் என்ற நண்பர் முதலில் முன்னுக்கு ஓடி வேகம் பிடித்துக் கொடுத்தார். அவர் களைத்ததும் கிறிஸ் சற்றவே என்ற இன்னொரு நண்பர் முன்னுக்கு வந்தார். கடைசிச் சுற்றில்தான் பனிஸ்ரர் தனித்து ஓடினார். அவருக்கு அந்தச் சாதனையை எட்டக் கால் இருந்தது, முன்னுக்கு ஓட ஆட்களும் இருந்தார்கள்.

எமது பிள்ளைகளிடம் நாம் என்ன சொல்கிறோம்? "இரண்டையும் சமாளிக்க முடிந்தால் செய், முடியாவிட்டால் விடு." பொறுப்பு முழுவதையும் பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் வைத்துவிடுகிறோம். பயிற்சி நேரத்தைப் பாடசாலை தீர்மானிக்கிறது. ரியூசன் நேரத்தை ரியூட்டறி தீர்மானிக்கிறது. எத்தனை மணிக்கு வீட்டுக்கு வர வேண்டும் என்பதை அப்பா தீர்மானிக்கிறார். இவை ஒன்றோடொன்று மோதும்போது சமநிலை காக்க வேண்டியவள் மட்டும் பிள்ளை. இதுதான் இன்று நாம் சொல்ல வந்த ஒரே விடயம். சமநிலையைக் காப்பது பெரியவர்களின் வேலை. பிள்ளையின் வேலை ஓடுவதும் படிப்பதும்.

அப்படியென்றால் யார் என்ன செய்யலாம்?

வீட்டில் உள்ளவர்கள் "விடு" என்பதற்குப் பதிலாகக் "குறை" என்று சொல்லப் பழகுங்கள். பரீட்சைக்கு முந்திய மூன்று மாதத்தில் நான்கு நாள் பயிற்சியை இரண்டு நாளாக்கலாம். போட்டிகளைத் தவிர்த்து அரை மணித்தியாலம் ஓடிவிட்டு வரலாம். நின்றுபோனதைத் திரும்பத் தொடங்குவது கடினம். குறைந்ததைக் கூட்டுவது இலகு. உயர்தரம் முடிந்த மறுநாள் பிள்ளைக்கு உடம்பும் இருக்கும், விருப்பமும் இருக்கும்.

பாடசாலையிடம் பணிவான இரண்டு வேண்டுகோள்கள். வருடத் தொடக்கத்திலேயே பயிற்சி நாட்களையும், வலய, மாகாண, தேசிய மட்டப் போட்டிகளின் உத்தேச காலங்களையும் தவணைப் பரீட்சை அட்டவணையோடு ஒரே தாளில் எழுதிப் பெற்றோருக்குக் கொடுங்கள். திடீரென்று வருவதுதான் வீட்டில் சண்டையாகிறது. மற்றது, தேசிய மட்டப் போட்டிக்குக் கொழும்புக்கோ கண்டிக்கோ போய் ஒரு கிழமை கழித்து வரும் பிள்ளைக்கு, தவறிய பாடத்தையும் செய்முறையையும் திருப்பிச் செய்ய ஒரு நாள் ஒதுக்குங்கள். பதக்கத்தோடு வந்த பிள்ளை, காலைக்கூட்டத்தில் கைதட்டல் வாங்கிவிட்டு வகுப்பில் கொப்பி இரந்து திரிவது எமது காலத்தோடு போகட்டும்.

ரியூட்டறி நடத்தும் ஆசிரியர்களில் பலர் எமது கல்லூரியின் நண்பர்கள், சிலர் எமது சகோதரர்கள். கிழமையில் இரண்டு மாலைகள் ஐந்தரை மணிக்கு முன் பெண்பிள்ளைகளுக்கு வகுப்பு வைக்காமல் விட அவர்களால் முடியும். ஒரு ரியூட்டறி மட்டும் செய்தால் அதற்கு நட்டம். எல்லோரும் சேர்ந்து செய்தால் ஒருவருக்கும் நட்டமில்லை. இதைப் பேசித் தீர்க்க அதிபரும் சங்கமும் சேர்ந்து அவர்களை அழைக்க வேண்டும்.

இப்போது எங்களிடம் வருவோம், பழைய மாணவிகளிடம். நாம் கல்லூரிக்கு நிறையச் செய்திருக்கிறோம். கட்டடம் கட்டினோம், கணினி கொடுத்தோம், வெற்றிக் கேடயங்களுக்குக் காசு கொடுத்தோம். அவை நல்லவை. ஆனால் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை மாலை ஐந்து மணிக்கு மைதானத்தில் நிற்பதா, வீட்டுக்குப் போவதா என்பதைத் தீர்மானிப்பவை சிறிய விடயங்கள். உடை மாற்றக் கதவு பூட்டக்கூடிய ஒரு அறை. தண்ணீர் வரும் மலசலகூடம். மாதவிடாய்க் காலத்தில் எடுத்துக்கொள்ள ஒரு பெட்டியில் துவாய்கள். பயிற்சி முடிந்ததும் ஒரு அவித்த முட்டையோ, ஒரு கிண்ணம் கடலையோ, ஒரு எள்ளுருண்டையோ. தூரத்துப் பிள்ளைகள் இருட்ட முன் வீடு சேர ஒரு வாகனம். இந்தக் கடைசி விடயம் மட்டும் ஒழுங்கானால் எத்தனை அப்பாமாரின் "வேண்டாம்" என்பது "சரி" என்று மாறும் என்பதை இந்த மண்டபத்தில் உள்ள அம்மாமார் அறிவார்கள்.

வைத்தியத் துறையில் உள்ள பழைய மாணவிகள் சேர்ந்தால் வருடத்தில் இரண்டு நாள் விளையாட்டுப் பிள்ளைகளைப் பார்க்கலாம். பெற்றோரின் சம்மதத்தோடு குருதிப் பரிசோதனை, மூட்டுப் பரிசோதனை, உணவு ஆலோசனை. இயன்மருத்துவம் படித்த தங்கைமார் சூடாக்கும் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் பரீட்சைக் காலத்தில் தொலைபேசி வழியே ஒரு பிள்ளைக்கு ஒரு பாடத்தில் துணை நிற்கலாம். எண்பது வயது அக்காமார் மாலையில் மைதானத்து மரநிழலில் ஒரு கதிரை போட்டு வந்து இருந்தாலே போதும். பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது பிள்ளைக்கும் தைரியம், வீட்டுக்கும் தைரியம். பிறஷரும் சற்றவேயும் செய்தது இதைத்தான். முன்னுக்கு ஓடி வேகம் பிடித்துக் கொடுத்துவிட்டு, உரிய இடத்தில் விலகி நின்றார்கள்.

முன்வரிசைப் பிள்ளைகளே, உங்களுக்கும் இரண்டு சொல். மைதானத்தில் இருக்கும்போது மேசையை நினைக்காதீர்கள். மேசையில் இருக்கும்போது மைதானத்தை நினைக்காதீர்கள். களைப்பாக இருந்தால் மறைக்காமல் ஆசிரியையிடம் சொல்லுங்கள். அணியில் இடம் கிடைக்காதவர்களும் ஓடுங்கள். பதக்கம் ஒருவருக்குத்தான், எலும்பு எல்லோருக்கும். பாடத்துக்கு வெளியே தேசிய, சர்வதேச மட்டத்தில் சிறந்தவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் ஒரு சிறிய விசேட ஒதுக்கீடும் இருக்கிறது. அது மிகச் சிலருக்குத்தான் கிடைக்கும். அதை நம்பிப் படிப்பை விட வேண்டாம். படிப்பை நம்பி விளையாட்டை விடவும் வேண்டாம்.

இங்கே இருக்கும் எங்களுக்கு இனிப் பதக்கம் வராது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கும் கிழமைக்கு 150 நிமிடம் விதித்திருக்கிறது. அதை இந்த மைதானத்தில், பிள்ளைகள் பயிற்சி செய்யும் அதே மாலையில், அவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் சுற்றி நடந்து தீர்க்கலாம். தாயும் மகளும் ஒரே நேரத்தில் மைதானத்தில் நின்றால், "ஓட்டத்தை விடு" என்ற வசனம் வீட்டில் எழும்பவே எழும்பாது.

அடுத்த இல்ல மெய்வல்லுநர் போட்டியில் இருபது வயதுக்குட்பட்டோருக்கான நூறு மீற்றருக்குத் தெரிவோட்டம் வைக்க வேண்டி வரட்டும். சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் வாகனத்துக்கும் உடை மாற்றும் அறைக்கும் ஒரு தீர்மானம் நிறைவேறட்டும். முதல் மாதத்து முட்டைச் செலவை எமது வகுப்புத் தோழிகள் பொறுப்பெடுக்கிறோம்.